ஆவடிக்கு மேலே ஒரு குண்டூசி

என் வீட்டுக்காரருக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கத் தெரியாது. ஒரு பிரஷர் குக்கருக்காக ஆவடி மார்க்கெட்டில் தொடங்கி அம்பத்தூர் வரை கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் முதலில் பார்த்த கடைக்கே திரும்பி வந்து வாங்கியவர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை. யாரோ செய்து அனுப்பிய இரும்புத் துண்டுகளை நாள் முழுக்க அளந்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று ஒதுக்கி வைக்கிற மனிதர் சாயங்காலம் சட்டையைக் கழற்றியதும் வேறு ஆளாகிவிடுவாரா? நான் வைக்கும் சாம்பாரையும் அப்படித்தான் ருசி பார்ப்பார். தேறிவிட்டால் பேசாமல் சாப்பிடுவார்.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இனி சோதனைக்குழாய் முறைதான் வழி என்று டாக்டர்கள் சொன்னபோதும் அவர் மாறவில்லை. மற்றவர்கள் வேண்டிக்கொள்ளக் கோயில் தேடுவார்கள். இவர் பழைய பேப்பர் தேடினார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் அந்தச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகள் கொஞ்சம்தான். அவை பேப்பரில் விளம்பரம் போட ஆரம்பித்திருந்தன. கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, அதன் கீழே நூற்றுக்கு இத்தனை வெற்றி என்று ஓர் எண். குழந்தை எல்லா விளம்பரத்திலும் ஒரே மாதிரி சிரிக்கும். எண் மட்டும்தான் மாறும். அந்த விளம்பரங்களைக் கத்தரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மின்விசிறியைப் போட விடமாட்டார்.

எங்களுக்கு ஒரே ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருந்தது. என் வயதுக்கும் சரி, எங்கள் வசதிக்கும் சரி, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எனவே எங்கே போவது என்பதில் தப்பு நடந்துவிடக் கூடாது என்று இரண்டு பேருமே பயந்தோம்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்காக வந்து ஒரே மாதிரி வீடுகளில் குடியிருந்தவர்கள் நாங்கள். ஊர் ஊருக்கு வழக்கம் மாறும். கைராசி விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. டாக்டருக்குக் கைராசி இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணைப் போய்ப் பார்க்கிறாரே உன் புருஷன் என்று கேலி செய்தார்கள். கைராசியை அளக்க ஸ்கேல் இருந்தால் கொண்டுவரச் சொல் என்பார் இவர். நானும் அவர் பக்கம்தான். படித்தவள் என்ற கொழுப்பு எனக்கும் இருந்தது.

விளம்பரமே செய்யாத ஓர் இடத்துக்கும் போய்ப் பார்த்தோம். ஒரு சந்துக்குள் பழைய மாடி வீடு. வயதான லேடி டாக்டர், சுள்ளென்று பேசுகிறவர். உங்கள் வெற்றி விகிதம் என்ன என்று இவர் கேட்டதும் அந்தம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை மட்டும்தான் தான் எண்ணுவதாகவும், அப்படி எண்ணினால் கொஞ்சம்தான் வரும் என்றும் சொன்னார். சொன்ன எண் உண்மையிலேயே கொஞ்சம்தான். வெளியே வந்து தெருமுனை திரும்புவதற்குள் அவரை நாங்கள் கழித்துக் கட்டிவிட்டோம். குறைவாகத் தேறுகிற இடத்தில் போய் யாராவது நிற்பார்களா?

நாங்கள் தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரி வேறு மாதிரி. கூடத்தில் ஒரு பெரிய பலகை, அதில் வெற்றி விகிதம். எண்ணை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ள வசதியாகத் தகடுகளில் எழுதிக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். வெட்டிவைத்த விளம்பரங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய எண். பலகைக்குப் பக்கத்தில் மெட்ராஸும் சுற்றுப்புறமும் கொண்ட வரைபடம். அதில் அங்கங்கே சிவப்புத் தலை வைத்த குண்டூசிகள். சிகிச்சை பலித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று என்று அங்கிருந்த ஆயா விளக்கினாள். வந்து காத்திருக்கும் பெண்கள் எல்லோரும் முதலில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் போய் நிற்பார்கள். நானும் நின்றேன். படத்தின் மேற்கு ஓரத்தில் ஆவடி இருந்தது. அதைத் தாண்டினால் நெமிலிச்சேரி, அப்புறம் மரச் சட்டம். அம்பத்தூரில் குண்டூசி இருந்தது, பூந்தமல்லியில் இருந்தது. ஆவடியில் இல்லை. அந்த வெறும் இடத்தைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஊசியும் மருந்துமாகச் சில மாதங்கள் போயின. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒரு நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பாசிட்டிவ் என்றார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இவர் என் கையைப் பிடிக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்; தான் பார்த்து எடுத்த சரக்கு தேறிவிட்ட பெருமை. ஆயா ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். அங்கே அது வழக்கம். பாசிட்டிவ் ஆன பெண் தன் கையாலேயே தன் ஊரில் குண்டூசியைக் குத்த வேண்டும். கூடத்தில் இருந்த பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். வலது கையால் குத்துங்க என்று யாரோ சொன்னார்கள். ஆவடி என்று எழுதியிருந்த எழுத்துகளுக்கு மேலே குத்தினேன். அட்டைக்குள் அது மெதுவாக இறங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

கரு இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு இவர் போன் செய்து சொன்னார். ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். நான் அழுதேன். நிறைய நாள் அழுதேன். இவர் கத்தரித்து வைத்திருந்த விளம்பரங்களை எல்லாம் எடுத்து அடுப்பில் போட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த வீட்டில் வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவள் கைக்குழந்தையைப் பகலில் நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்காகத்தான் அவள் அந்த ஏற்பாட்டைச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். என் பழைய நூல் சேலையில் தூளி கட்டி, கூடத்து உத்தரக் கொக்கியில் மாட்டியிருந்தேன். குழந்தை தூங்கும்போது அதன் கனத்தில் கொக்கி லேசாக முனகும். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

ஆடி மாதம், மத்தியான வேளை. கதவைத் தட்டியது யாரோ முன்பின் தெரியாத பெண். என்னைவிட இளையவள். மஞ்சள் பூசிய முகம், கையில் பை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வரவில்லை. தன் ஊர் நூம்பல் என்றும், நிலம் நீச்சு உள்ள குடும்பம் என்றும், கல்யாணமாகி வருஷக்கணக்காகிறது என்றும் படியில் நின்றபடியே மளமளவென்று சொன்னாள். பிறகு, "புள்ளைய ஒரு தபா பாத்துக்குனு போறேன்க்கா," என்றாள்.

எந்தப் பிள்ளையை என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி படத்துல ஆவடில ஊசி குத்திகீதே, உங்க புள்ளதானே? ஆயாதான் சொல்லிச்சு. பேக்டரில செக்கிங்ல கீறாரே, அவுரு ஊடுன்னு. நேர்ல போய் பாத்துட்டு வா, அப்பால சேந்துக்கன்னுச்சு."

நான் பதில் சொல்வதற்குள் அவள் பார்வை என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டது. உள்ளே தூளி தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத மத்தியானத்தில், உள்ளே கனத்தோடு, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் நேராகப் போய்த் தூளிக்குக் கீழே உட்கார்ந்தாள். எட்டிப் பார்க்கவில்லை. தூங்கும் குழந்தையைப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சேலையின் விளிம்பைப் பிடித்து ஆட்டினாள். பையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையையும் கற்கண்டுப் பொட்டலத்தையும் எடுத்துத் தரையில் வைத்தாள். குழந்தை விழித்ததும் மடியில் ஒரு நிமிஷம் போட்டுக்கொண்டால் போதும், தனக்கும் தங்கும் என்றாள்.

குழந்தை விழித்தது. மடியில் வாங்கிக்கொண்டாள். மூக்கு உங்களை மாதிரியே இருக்கிறது என்றாள். உண்மையைச் சொன்னால், அந்தக் குழந்தையின் மூக்கை நானும் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். பார்த்த பிறகு எனக்கே பயமாக இருந்தது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். இது பக்கத்து வீட்டுக் குழந்தை, என்னுடையது இரண்டு மாதத்திலேயே போய்விட்டது, எனக்குக் குழந்தையே இல்லை, அந்த ஆஸ்பத்திரியை நம்பிப் போகாதே என்றேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முகத்தில் புன்னகை மாறவே இல்லை.

"தெரியும்க்கா," என்றாள். "எங்க மாமியாரும் இப்படித்தான். எங்க ஊட்டுக்காரரு பொறந்தப்போ, எங்களுது இல்ல, தவுட்டுக்கு வாங்கினதுன்னுதான் ஊரெல்லாம் சொல்லிகினு கெடந்துச்சாம். நான் கண்ணு வெக்கறவ இல்லக்கா. யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

என்ன சொல்லியும் ஏறவில்லை. நான் அடித்துச் சொல்லச் சொல்ல, இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கிறாளே, அப்படியென்றால் எப்பேர்ப்பட்ட பிள்ளை என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். திருஷ்டிக்குப் பயந்து பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்கிற ஊரில், இல்லாத பிள்ளையை இல்லை என்று எப்படித்தான் சொல்வது? போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கேட்டில் நின்ற புருஷனிடம் கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. இவ்வளவு பெரிய குழந்தை என்று அளவு காட்டினாள்.

மறுவாரமே இவரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சண்டை போடுவதற்கென்றே போனோம். வரைபடத்தில் ஆவடிக்கு மேலே என் குண்டூசி பளபளவென்று அப்படியே இருந்தது. டாக்டர் எங்களை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கருவை உண்டாக்குவதுதான் தங்கள் வேலை, ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை பலித்ததாகத்தான் கணக்கு, அதன் பிறகு கலைவதும் நிற்பதும் எந்தப் பெண்ணுக்கும் நடப்பதுதானே என்றார். எல்லா இடத்திலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்றார். அந்தச் சந்து டாக்டரம்மா என் ஞாபகத்துக்கு வந்தார்.

வெளியே வரும்போது நான் வரைபடத்துக்கு நேராகப் போய் அந்தக் குண்டூசியைப் பிடித்தேன். ஆயா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பற்றினாள். குத்தினதைப் பிடுங்கக் கூடாதும்மா, அபசகுனம், மத்தவங்க பாக்கறாங்க என்று காதோடு சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலித்தவளைப் பார்க்கிற பார்வை. ஒருத்தி எழுந்து வந்து என் முந்தானை நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரல்கள் தாமாகவே குண்டூசியை விட்டுவிட்டன.

திரும்பும் ரயிலில், வில்லிவாக்கம் தாண்டிய பிறகுதான் இவர் பேசினார்.

"எங்க செக்‌ஷன்லயும் அப்படித்தான்," என்றார். "மேஜையில தேறுச்சுன்னா தேறுச்சு. வெளியில போய் விரிசல் விட்டா அது எங்க கணக்குல வராது. இத்தனை வருஷம் அதே வேலையப் பாத்துட்டு, எந்த இடத்துல நிறுத்தி எண்ணுறாங்கன்னு எனக்குக் கேக்கத் தோணல பாரு."

அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

பலகையில் தொங்கிய அந்த எண்ணுக்குள் நான் இருக்கிறேன் என்பது அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை. பேப்பரில் விளம்பரம் வரும்போதெல்லாம் பார்ப்பேன். எண் கொஞ்சம் ஏறியிருக்கும். அதில் என் பங்கு எவ்வளவு என்று யோசிப்பேன். அம்பத்தூர்க் குண்டூசி, பூந்தமல்லிக் குண்டூசி எல்லாம் நினைவுக்கு வரும். அவற்றில் எந்தெந்த ஊசிக்குக் கீழே குழந்தை இருக்கிறது, எதற்குக் கீழே என்னைப் போல ஒருத்தி மட்டும் இருக்கிறாள்? யாருக்கும் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பட்டாபிராமிலிருந்து ஒரு தம்பதி. ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு டீச்சர், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எல்லோரும் மத்தியானத்தில்தான் வந்தார்கள், எல்லோர் கையிலும் ஒரு பொம்மை. எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள், நம்பியவர்கள் என் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் விறுவிறுவென்று போய்விட்டார்கள், ஒட்டிக்கொள்கிற வியாதியா என்ன எனக்கு? மற்றவர்கள் சிரித்துக்கொண்டு, புரியுதுங்க என்றார்கள். டீச்சரின் அம்மா மட்டும், பெத்தவளுக்கு இவ்வளவு கருமித்தனம் ஆகாது என்று திட்டினாள். போகிற போக்கில், பல் முளைத்துவிட்டதா என்றும் கேட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து மனசுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். முளைத்திருக்கும்.

அதன் பிறகு அந்த எண்ணிக்கை தானாகவே ஓட ஆரம்பித்தது. இப்போது சுவரைப் பிடித்து நிற்கும், இப்போது ஓர் அடி வைக்கும். வேண்டாம் என்றாலும் ஓடியது. மெட்ராஸின் மேற்கில் யார் யாரோ வீட்டில் என் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசப் பேச அது எங்கேயோ வளர்ந்துகொண்டிருந்தது. வந்த கிலுகிலுப்பைகளை வேலூர்ப் பெண்ணின் குழந்தைக்குக் கொடுத்தேன். முதலில் வாங்கிக்கொண்டாள். தன் குழந்தையை முன்பின் தெரியாதவர்கள் வந்து மடியில் போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து தங்கையை வரவழைத்துக்கொண்டாள். தூளியை நான் அவிழ்க்கவில்லை. அது அங்கேயே தொங்கியது. கனமில்லாததால் கொக்கி முனகவில்லை.

நூம்பல் பெண்ணைத் தேடிப் போகலாமா என்று பல தடவை நினைத்தேன். பேர் தெரியாது, வீடு தெரியாது. மறு ஆடியில் அவளே வந்தாள்.

கதவைத் திறந்தால் வாசலில் ஆட்டோ நிற்கிறது. முகத்தில் மஞ்சள் இல்லை. உள்ளே வந்தவள் தூளியைப் பார்த்தாள். இந்தத் தடவை எட்டியே பார்த்தாள். பிறகு அதன் கீழே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியில் பாசிட்டிவ் என்றார்களாம். நூம்பலுக்கென்று படத்தில் பேர் இல்லாததால் வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் குத்தினாளாம். வளைகாப்புக்கு முன்னாலேயே போய்விட்டதாம். அன்றைக்கே நீங்கள் சொன்னீர்கள், நான்தான் காதில் வாங்கவில்லை என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

"எங்க ஊட்டுக்கும் வர ஆரம்பிச்சிட்டாங்கக்கா," என்றாள். "இன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. திருமழிசை பக்கம். புள்ள எங்கன்னு கேட்டுச்சு."

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"தூங்குதுன்னு வாயில வந்துட்சிக்கா."

அவள் தரையைப் பார்த்தபடியே மேலே சொன்னாள். நாத்தனார் பிள்ளைக்குக் கட்டின தூளி கழற்றாமல் கிடந்ததாம், அதற்குள் பழைய சேலைகளைச் சுருட்டி வைத்திருந்தார்களாம். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, முழிக்கட்டும், இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். மாமியார் வயலுக்குப் போயிருந்த நேரம். பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் ஆட்டோ பிடித்து என்னிடம் வந்திருக்கிறாள்.

"இன்னும் அங்கதான் குந்திகினு கீதுக்கா. நீங்க வந்து சொல்லுங்க. உங்களுக்குச் சொல்ல வரும்."

எனக்கு எப்போது சொல்ல வந்தது? சொன்னதை யார் நம்பினார்கள்? ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பருத்திப்பட்டு, திருவேற்காடு என்று ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது. இவ்வளவு நேரம் யார் உட்கார்ந்திருப்பார்கள், அந்தப் பெண் எழுந்து போயிருப்பாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். நூம்பலில் பாதி வயல்களில் நாற்று இருந்தது, பாதியில் மனைக்கல் நட்டிருந்தார்கள். பழைய ஓட்டு வீடு. கதவு திறந்தபடியே கிடந்தது.

போகவில்லை. உள்ளேதான் இருந்தாள். மிகவும் சின்னப் பெண். ஆடிப் பெருக்குக்கு மாற்றிய தாலிச் சரடின் மஞ்சள்கூட முழுக்க மங்கியிருக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, தூளியின் விளிம்பைப் பிடித்து மெதுவாக, ஒரே சீராக ஆட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் நுழைந்ததும் உதட்டில் விரலை வைத்தாள். நடுவில் ஒரு தடவை புரண்டது, தட்டிக்கொடுத்தேன், திரும்பத் தூங்கிவிட்டது என்று கிசுகிசுத்தாள்.

என் பக்கத்தில் நின்றவள் என் தோளை இறுகப் பிடித்தாள்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஒரு வருஷமாகத் தெரியும். கிட்டே போய், தூளியின் இரண்டு விளிம்பையும் பிடித்து அகலமாக விரித்தேன். பாரும்மா என்றேன். தூங்கும் குழந்தையைப் பார்க்கக் கூடாதே என்று தயங்கினாள். நன்றாகப் பார் என்று அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளே சுருட்டிய பழைய சேலைகள் கிடந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது, அவள் தட்டிக்கொடுத்த இடம்.

வெகுநேரம் பார்த்தாள். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் சொன்னோம். குண்டூசி எப்போது குத்தப்படுகிறது, பலகையில் உள்ள எண்ணுக்கு என்ன அர்த்தம், அதற்குள் யார் யார் இருக்கிறோம் என்று சொன்னோம். எங்களை நம்பினாள். அது அவள் கண்ணில் தெரிந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒருத்தியையாவது நிறுத்திவிட்டோம் என்று நினைத்தேன்.

வேறு எங்கேதான் போவது என்று கேட்டாள். அந்தச் சந்தையும் மாடி வீட்டையும் சுள்ளென்று பேசும் டாக்டரம்மாவையும் பற்றிச் சொன்னேன். அங்கே பிள்ளையோடு வீட்டுக்குப் போனவர்களைத்தான் எண்ணுவார்கள் என்றேன்.

"அங்க எத்தினி பேருக்கு ஆவுதாம்?"

கொஞ்சம்தான் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், நூம்பல் பெண்ணைப் பார்த்தாள், பிறகு தூளியைப் பார்த்தாள்.

"கொஞ்சம்னா எப்டிக்கா போறது," என்றாள். "அந்த ஆஸ்பத்திரிலதான் நெறைய பேருக்கு ஆயிகீதே."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கை தூளியை விடவே இல்லை. நாங்கள் அங்கே நின்ற நேரமெல்லாம் அது அதே சீராக ஆடிக்கொண்டிருந்தது.